அத்தான் மிச்சம்பிடித்த மருந்து

எங்கள் அத்தானிடம், அக்காவின் கணவரிடம், தலைவலி என்று சொன்னால் பாதி மாத்திரை கிடைக்கும். முழு மாத்திரையை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. சிங்கப்பூர் ஈசூனில் அவர் வீட்டுச் சமையலறையில் இதற்கென்றே ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார். மாத்திரையைப் பலகையில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வைரம் அறுப்பவர் மாதிரி அறுப்பார். ஒரு பாதி நமக்கு. மறு பாதி திரும்ப அட்டைக்குள்.

"அத்தான், டாக்டர் ரெண்டு போடச் சொல்லிருக்காரு."

"அவருக்கென்ன, சொல்லுவாரு. அவரு உடம்பா? மீதிய உன் உடம்பே பாத்துக்கும் பிள்ளை."

என் உடம்பு எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. காண்டோ குடியிருப்பு வாசலில் செக்யூரிட்டி வேலை முடித்துவிட்டு வருகிற உடம்பு அது. நான் கீழே இறங்கி மாமாக் கடை என்கிற மளிகைக்கடையில் ஓர் அட்டை வாங்கி, லிஃப்ட் வாசலிலேயே நின்று இரண்டு விழுங்கிவிட்டு மேலே போவேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும்.

"பாத்தியா? பாதிக்கே சரியாயிடுச்சு."

இப்படியே பல வருடம் அவருடைய வைத்தியத்துக்கு நான் அத்தாட்சியாக இருந்திருக்கிறேன்.

ஆளைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டில் கை தாராளம். தேக்கா சந்தைக்குப் போனால் வீட்டில் இரண்டே பேருக்கு ஒரு கல்யாணத்துக்கு ஆகிற கறி வாங்கி வருவார். வலி விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு கொள்கை. துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வலியை அவர் சோதனைக்கு வந்த மேலதிகாரி மாதிரிதான் பார்த்தார். வந்தால் எழுந்து நிற்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அது போகிறவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை போடுவது அந்த அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்கிற மாதிரி. பாதி மாத்திரை என்றால் பாதி லஞ்சம். அதற்கு மேல் அவர் மனசாட்சி இடம் கொடுக்காது.

அக்காவுக்குப் பிரசவ வலி வந்தபோது முதுகில் போடுகிற ஊசி வேண்டுமா என்று டாக்டர் கேட்டாராம். இவர்தான் பதில் சொன்னார். "எங்கம்மா எங்க எல்லாரையும் வீட்டுலயே பெத்தாங்க." சொல்லிவிட்டுக் கீழே காப்பிக் கடைக்குப் போய்த் தே தாரிக் டீ குடித்துக்கொண்டு இருந்தார். பையன் பிறந்த செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது. இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அந்தப் பையன் இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். அப்பாவோடு அவ்வளவாகப் பேச மாட்டான்.

ஓய்வுக்குப் பிறகு அத்தானுக்குப் பேச்சாளர் வாழ்க்கை கிடைத்தது. சமூக மன்றங்களில் போதைப்பொருள் எதிர்ப்பு உரை. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, முன் வரிசையில் அக்கா. பின் வரிசைகளில் பிரியாணிப் பொட்டலத்துக்காக உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள்.

"ஒரு சொட்டு! ஒரே சொட்டு உள்ள விட்டுப் பாரு. அடுத்த வாரம் அது உன் வீட்டுப் பத்திரத்தக் கேக்கும்!"

கைத்தட்டல். பிறகு அபின், மார்ஃபின், ஹெராயின் என்று விரல் மடக்குவார். "மூணும் ஒரே குடும்பம். ஒரே செடி. ஒரே பாம்பு." செடி வரைக்கும் உண்மைதான். அதே மார்ஃபின் ஆஸ்பத்திரியில் மருந்தாகவும் இருக்கிறது என்பதை அவர் சொல்ல மாட்டார். உண்மையையும் அறுத்துப் பாதியாகத்தான் கொடுத்தார்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு ஒளிந்து மாத்திரை போடுகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நாலு பேர் முன்னால் கிழித்திருப்பேன். அவர் போலி இல்லை. குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தபோது தாதி வந்து கேட்டாள், "வலி எப்படி அங்கிள்? பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர் சொல்லுங்க."

"ரெண்டு."

சொல்லும்போது மெத்தை விரிப்பை முறுக்கிப் பிடித்திருந்தார். குறைந்த மார்க் வாங்கினவன் ஜெயிக்கிற பரீட்சை என்று நினைத்துக்கொண்டார் போல. கொடுத்த மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் போட்டு வைத்தார். தையல் வலித்ததால் இருமவில்லை. மூச்சை ஆழமாக இழுக்கவில்லை. வலியைக் குறைத்தால்தான் ஆள் இருமுவான், நடப்பான், நுரையீரல் விரியும் என்று தாதிகள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். இவர் சிலை மாதிரிக் கிடந்தார். சிலைக்குச் சளி கட்டியது. நிமோனியா என்று இன்னும் கொஞ்ச நாள் படுக்கையில் வைத்தார்கள். அதற்கு வார்டு ஏர்கானைத் திட்டினார். வீட்டுக்கு வந்து, "ஒரு மாத்திரை கூட முழுங்கல தெரியுமா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நிமோனியாவைச் சொல்லவில்லை.

இதெல்லாம் சிரிப்புக் கதைதான், அவருடைய உடம்போடு நின்றிருந்தால்.

அக்காவுக்கு மார்பில் வந்த புற்று இடுப்பெலும்புக்கு இறங்கியது. இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கிற தாதி ஒருத்தியை ஏற்பாடு செய்தார்கள். ஈப்போக்காரப் பெண். நாங்கள் மிஸ்ஸி என்றே கூப்பிட்டோம். அவள் முதல் நாள் அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டாள். பத்துக்கு எத்தனை?

அக்கா அத்தான் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "மூணு" என்றாள்.

மிஸ்ஸி அக்காவின் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். விறைத்திருந்த காலைப் பார்த்தாள். பையிலிருந்து பழுப்பு நிற பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தாள். இனிப்பு மருந்து. வாயில் விடுவதற்கு ஊசி இல்லாத சிரிஞ்சு. எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று அத்தானுக்குக் காட்டினாள்.

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ. மணி பாத்துக் குடுங்க அங்கிள். வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. இதக் குடிச்சா குடல் மந்தமாயிடும், மலச்சிக்கல் வரும். அதுக்கு இந்த இன்னொரு மருந்து, தினம் விடாம. மொத ரெண்டு மூணு நாள் தூக்கம் அசத்தும். அப்புறம் தெளிஞ்சிடுவாங்க."

அத்தான் பாட்டிலின் ஒட்டுத்தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"மிஸ்ஸி, இது அதாச்சே."

"எது அங்கிள்?"

"அந்தக் குடும்பம்."

மிஸ்ஸிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மேடையில் ஏறி அவர் வைத மார்ஃபின் என்கிற பாம்பு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

அவள் போனதும் அத்தான் அந்த பாட்டிலையும் சிரிஞ்சையும் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அக்காவின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில். சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். மலச்சிக்கல் மருந்து மட்டும் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் சுதந்திரமாக நின்றது.

"நான் குடுக்குறேன் அத்தான், நீங்க ஓய்வெடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"என் பொண்டாட்டிக்கு நான் குடுக்க மாட்டேனா? நீ சும்மா இரு லா."

மணி தவறாமல் கொடுத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தார். ஆனால் அக்காவுக்குத் தூக்கமும் அசத்தவில்லை, வலியும் விடவில்லை. போர்வை நழுவிக் காலில் பட்டால் அலறினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று துண்டை வாயில் வைத்துக் கடித்தாள். இதில் வயிறு வேறு போய்க்கொண்டே இருந்தது. உடைகிற இடுப்பை வைத்துக்கொண்டு கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். வேலைக்கு லீவு போட்டு அங்கேயே தங்கியிருந்த நான்தான் தாங்கிக்கொண்டு போவேன்.

ஒரு நாள் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "எனக்கு மருந்தே கேக்கலடி. எல்லாருக்கும் கேக்குதாம். என் நோய் மருந்த மீறிடுச்சு."

"மிஸ்ஸிகிட்ட சொல்லேன்."

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவாங்க. இவரு பயப்படுவாரு. அந்த அரக்குச் சேலைய எடுத்து வச்சிரு. நான் போனா அதத்தான் கட்டிவிடணும்."

சாகப் பயந்து அவள் இதைச் சொல்லவில்லை. இன்னும் எவ்வளவு நாள் இப்படிக் கிடக்க வேண்டுமோ என்கிற பயம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் மருந்து கேட்கவில்லை என்று அவள் சொன்னதை நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் கறி வாங்கத் தேக்காவுக்குப் போனார். அக்கா இரண்டு வாய் கூடச் சாப்பிடாத நாட்கள் அவை. இருந்தாலும் ஞாயிறு என்றால் அவருக்குத் தேக்கா. மருந்து நேரம் வந்தது. ஆள் வரவில்லை. நேரம் தாண்டியது. அக்கா துண்டைக் கடிப்பதையும் விட்டுவிட்டாள். கடிக்கத் தெம்பில்லை. வாயைத் திறந்தபடி ஒரு சத்தம் போட்டாள். அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

பலமுறை அடித்த பிறகு போனை எடுத்தார். பின்னால் மீன்காரர்களின் கூச்சல்.

"வந்துட்டே இருக்கேன். கறி வெட்டிட்டு இருக்கான்."

"சாவி எங்க அத்தான்?"

"எங்கிட்டதான். இடுப்புல."

"அக்கா துடிக்கிறா!"

"ரயில் மாறி வரவேணாமா? அதுவரைக்கும் தாங்க மாட்டாளா? பேச்சுக் குடு. வேற எதாச்சும் நெனப்பு வந்தா வலி தெரியாது."

நான் பேச்சுக் கொடுக்கவில்லை. சமையலறைக் கீழடுக்கிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து அலமாரிப் பூட்டை அடித்தேன். கதவு நெளிந்துதான் திறந்தது. பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு மிஸ்ஸிக்குப் போன் செய்தேன். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அத்தான் பார்க்க விட்டதில்லை. எந்தக் கோடு என்று சொன்னாள். கொடுத்தேன்.

"பாட்டில்ல இன்னும் எவ்வளவு இருக்குக்கா?" என்று கேட்டாள்.

"பாதி இருக்கு."

மறுபடி அதே கேள்வியைக் கேட்டாள். பிறகு, "நான் வரேன்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் புருவம் இறங்கியது. முதலில் புருவம், பிறகு தாடை, பிறகு விரல்கள். கட்டிப்போட்டிருந்த கயிற்றை ஒவ்வொன்றாக யாரோ அவிழ்ப்பது மாதிரி. போர்வையை இழுத்துவிட்டேன். அவள் கத்தவில்லை. தூங்கினாள்.

அத்தான் கறிப் பையோடு வந்தார். நெளிந்த அலமாரியைப் பார்த்து, "வீட்ட உடைச்சிட்டியே!" என்று கத்தினார். அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்த?"

"மிஸ்ஸி சொன்ன கோடு."

"முழுசாவா? பாவி, கொன்னுட்டியா?"

அக்காவின் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தார். கறி ரத்தம் பையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி வந்தபோதும் விரலை எடுக்கவில்லை. அவள் அவரை நகர்த்திவிட்டு அக்காவின் மூச்சை எண்ணினாள்.

"தூங்குறாங்க அங்கிள். நல்ல மூச்சு. இவங்க கடைசியா எப்பத் தூங்கினாங்க?"

அவள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது இந்நேரம் அடிக்குப் போயிருக்கணுமே."

இந்த இடத்தில்தான் நான் அத்தானை முழுதாகப் பார்த்தேன். மனுஷன் தலை குனியவில்லை. நிமிர்ந்து நின்றார். குரலில் ஒரு பெருமை.

"மிச்சம் பிடிச்சது. ஒவ்வொரு தடவையும் பாதிதான். சிரிஞ்சுல மீதிக்குத் தண்ணி. அவளுக்குத் தெரியாது."

மலச்சிக்கல் மருந்தைப் பற்றிக் கேட்டாள் மிஸ்ஸி. அது முழு அளவு. ஒரு கரண்டி கூடவே கொடுத்திருக்கிறார், அது நல்லதாம். குடலை அடைக்கிற மருந்து பாதி, திறக்கிற மருந்து முழுசு. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராப்பகலாக நடந்தது இதற்குத்தான்.

"பழகிடும் மிஸ்ஸி. அடிக்ட் ஆயிடுவா. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்."

நான் சும்மா இருக்கவில்லை. "அடிக்ட் ஆகி என்ன செய்யப் போறா அத்தான்? ராத்திரி கேலாங் போயி சரக்குத் தேடப் போறாளா? அவளால கக்கூஸ் போக முடியல!"

"அக்கா, இருங்க" என்று மிஸ்ஸி என்னை அடக்கினாள். அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அங்கிள், இந்த மருந்து போய் உக்கார்ற எடம் எல்லார் மூளையிலயும் முதுகுத்தண்டுலயும் பொறக்கும்போதே இருக்கு. ஒடம்பு தானாவே இந்த மாதிரி ஒண்ணத் தயார் பண்ணுது. அடிபட்டா கொஞ்ச நேரம் வலி தெரியாம இருக்கும்ல, அது அதனாலதான். ஆன்டிக்கு ஒடம்பு செய்யிறது பத்தல. அதனால வெளியிலேர்ந்து குடுக்குறோம்."

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "என் ஒடம்புல அப்படி எதுவும் கிடையாது."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"பழகிடும்னு பயந்தீங்க" என்றாள் மிஸ்ஸி. இப்போது அவள் குரலும் மாறியிருந்தது. "மருந்து பழகல அங்கிள். வலிதான் பழகிடுச்சு. வலிய ஏற விட்டு ஏற விட்டு அரைகுறையா அடக்கினா, நரம்பு அதையே கத்துக்கும். அப்புறம் போர்வ பட்டாலும் கத்தி பட்ட மாதிரி இருக்கும். இத்தன நாள் நீங்க அதத்தான் பழக்கிருக்கீங்க."

"நீங்க பாதிதான் குடுத்தீங்களா?"

கேட்டது அக்கா. கண் விழித்திருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாது.

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"எனக்கு மருந்தே கேக்காதுன்னு நெனச்சேன்." குரல் தெளிவாக இருந்தது. "மிஸ்ஸி, போன தடவ மூணுன்னு சொன்னேன்ல? பொய். ஒம்போது. அதுக்கு முன்னாடியும் ஒம்போது." இந்த முறை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மிஸ்ஸியை வழியனுப்பிவிட்டு, கீழே லிஃப்ட் வாசலில் அத்தான் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அந்த மருந்த ஆரம்பிச்சா ஆளு சீக்கிரம் போயிடுவாங்கன்னு பலபேர் சொன்னாங்க. பாதி குடுத்தா கொஞ்ச நாள் கூட இருப்பான்னு பாத்தேன்." இதை நான் போனில் சொன்னபோது பெர்த் பையன் அழுதுவிட்டான். அப்பாவுக்கு அவ்வளவு பாசமா என்றான். நான் அழவில்லை. பாசம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பாசத்துக்கு வாடகை கட்டியது அக்காவின் இடுப்பெலும்பு.

போவதற்கு முன்பே மிஸ்ஸி, இனிமேல் மருந்தை நான் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். அக்கா மறுத்துவிட்டாள்.

"அவரே குடுக்கட்டும். ஆனா எனக்குக் காட்டிட்டுத்தான் குடுக்கணும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சடங்கு நடந்தது. அத்தான் மருந்தை சிரிஞ்சில் இழுப்பார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொள்வாள்.

"தூக்குங்க."

தூக்குவார்.

"இன்னும். வெளிச்சத்துக்கு."

"கோட்டுல சரியா இருக்கும்மா."

"நான் பாக்குறேன். நீங்க சொல்ல வேணாம்."

பார்ப்பாள். நிதானமாகப் பார்ப்பாள். "சரி" என்பாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள். சமூக மன்றத்து நண்பர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்திருந்தபோதும் இதேதான். பேச்சாளர் அவர்கள் முன்னால் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், திருட்டுச் சாமானோடு பிடிபட்டவர் மாதிரி. ஒருத்தர், "அது என்ன மருந்து அண்ணே?" என்று கேட்டார். அக்கா முந்திக்கொண்டாள்.

"மார்ஃபின். உங்க அண்ணன் தினம் கையால தர்றாரு."

நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன்.

வலி அடங்கியதும் அக்கா வேறு ஆளாகிவிட்டாள். மருந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அத்தான் பயந்தாரே, நேர்மாறாக, விழித்துக்கொண்டாள். பிள்ளையோடு போனில் பேசினாள். சீரியல் பார்த்தாள். இட்லி கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எடுத்துத் திட்டினாள். பிரசவத்தன்று காப்பிக் கடையில் அவர் குடித்த டீக்குக்கூட அப்போதுதான் முறை வந்தது. அவர் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நோய் ஏற ஏற மிஸ்ஸி அளவை ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் அத்தான் வாயைத் திறப்பார், அக்காவைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். அளவு கூடியது. காட்டுவதும் பார்ப்பதும் மட்டும் மாறவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டுக்கூடக் குறைத்ததில்லை, எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஒரு முறைகூடப் பார்க்காமல் அவள் வாயைத் திறந்ததில்லை.

கடைசி நாள் காலை அவளுக்குக் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் மெதுவாக வந்து போய்க்கொண்டிருந்தது. முகத்தில் வலி இல்லை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லியிருந்தாள் மிஸ்ஸி. அத்தான் மருந்தை இழுத்தார். அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவளுக்கு மாட்டிவிட்டார். பிறகு அந்த மூடிய கண்களுக்கு நேரே சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பினார். அப்படியே நின்றார்.

சரி என்று சொல்ல ஆளில்லை. என் பக்கம் திரும்பினார்.

கோட்டில் சரியாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.